ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள்

2025 ஆகஸ்ட் 1. சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களான ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் தெருக்களைக் கூட்டி, வீடு வீடாகக் குப்பை வாங்கி வந்த பெண்கள் அன்று வார்டுக்குப் போகவில்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் வாசலுக்கு வந்து, நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். மழை பெய்த இரவுகளிலும் அங்கேயே படுத்தார்கள். 13ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போலீஸ் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றும் வரை அந்த இடத்தை விட்டு அவர்கள் நகரவில்லை.

இந்தப் போராட்டத்தைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். பேச்சு பெரும்பாலும் கைது, அரசியல், யார் வந்து பார்த்தார்கள் என்பதையே சுற்றி வந்தது. அந்தப் பெண்கள் எழுப்பிய கேள்வி என்னவோ ரொம்ப எளிமையானது: நாங்கள் யாருடைய ஆள்? இந்தக் கேள்விக்கு இந்த ஊர் இத்தனை ஆண்டுகளாகப் பதில் சொல்லாமல் எப்படித் தப்பித்து வந்தது என்பதைத்தான் இங்கே விரித்து எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பெண்கள் எந்தக் கணக்கில் வேலை பார்த்தார்கள் என்று பார்ப்போம். அவர்களை எல்லோரும் என்.யு.எல்.எம். பணியாளர்கள் என்று அழைப்பார்கள். என்.யு.எல்.எம்., அதாவது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்பது 2013இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். நகரத்து ஏழைப் பெண்களைச் சுய உதவிக் குழுக்களாகச் சேர்த்து, தொழில் பயிற்சி தந்து, வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்து, சொந்தக் காலில் நிற்க வைப்பது அதன் நோக்கம். குப்பை அள்ளுவதற்கு ஆள் எடுப்பதற்காக அந்தத் திட்டம் வரவில்லை. ஆனால் சென்னையில் அது அதற்குத்தான் பயன்பட்டது. நிரந்தரப் பணியாளர்கள் ஓய்வு பெறப் பெற அந்த இடங்கள் காலியாகவே இருந்தன. அந்த வேலையைச் செய்யச் சுய உதவிக் குழு என்ற பெயரில் ஆட்கள் வந்தார்கள். தாளில் அவர்கள் ஒரு குழுவின் உறுப்பினர்கள். காலையில் வருகைப் பதிவு எடுத்தது மாநகராட்சி. எந்தத் தெரு, எந்த பேட்டரி வண்டி என்று சொன்னதும் மாநகராட்சியின் ஆட்கள். தாமதமாக வந்தால் திட்டியதும் அவர்கள்தான்.

இப்படிப் பத்தாண்டுக்கும் மேலாக வேலை பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கொரோனா காலத்தில் இந்த ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, தொற்று வந்த வீட்டுக் குப்பையைக் கையுறை போட்டும் போடாமலும் எடுத்தவர்கள் இவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு வடசென்னையின் சேற்றையும் நனைந்த மெத்தைகளையும் அள்ளியவர்கள் இவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் நிறையப் பேர்.

2025 ஜூன் 16 அன்று மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 5, 6ஆம் மண்டலங்களின் திடக்கழிவு மேலாண்மை ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. ராம்கி குழுமத்தைச் சேர்ந்த டெல்லி எம்.எஸ்.டபிள்யூ. சொல்யூஷன்ஸ் அது. அதுவரை மாநகராட்சியிடம் வேலை பார்த்த சுமார் 2,000 பேர் அந்த நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். யாருக்கும் வேலை போகாது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு எல்லாம் உண்டு என்று மாநகராட்சி விளக்கியது.

சம்பளத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. அதுவரை மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கி வந்தவர்களுக்கு, நிறுவனம் தருவதாக இருந்தது 17,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அதே தெரு, அதே துடைப்பம், அதே காலை 6 மணி. ஏறக்குறைய கால் பங்குச் சம்பளம் காணாமல் போகிறது. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் என்பது அரசுக் கோப்பில் சின்ன எண்ணாகத் தெரியலாம். வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், குழுக் கடனின் தவணை என்று மூன்றையும் அந்தச் சம்பளத்தில் சமாளித்த ஒருத்திக்கு, மூன்றில் ஒன்றை விட்டுவிடு என்று சொல்வதற்குச் சமம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தனியாரிடம் கொடுத்தால் திறமை கூடும், இயந்திரங்கள் வரும் என்று எப்போதும் ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஆனால் குப்பை அள்ளும் வேலையில் செலவின் பெரும்பகுதி கூலிதான். அதற்கு மேல் நிறுவனம் லாபமும் பார்க்க வேண்டும். அந்த லாபம் எங்கிருந்து வரும்? ஆட்களைக் குறைப்பதிலிருந்து வரும், அல்லது கூலியைக் குறைப்பதிலிருந்து வரும். 5, 6ஆம் மண்டலங்களில் அது எங்கிருந்து வர இருந்தது என்பதைச் சம்பளக் கணக்கே காட்டிவிட்டது.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் வந்தது. அப்புறம் 2007இல் நீல் மெட்டல் ஃபனாலிகா. அதன் பின் ராம்கி. 2020இல் உர்பேசர் சுமீத். நிறுவனத்தின் பெயரும் வண்டியின் நிறமும் சீருடையும் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் தொழிலாளியின் பணிக்காலம் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணப்பட்டது. 15 மண்டலங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்ட நிலையில்தான் ராயபுரமும் திரு.வி.க. நகரும் அந்த வரிசையில் சேர்ந்தன. மற்ற மாநகராட்சிகளிலும் 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 இதே வேலையைச் செய்தது. அடிமட்ட நிரந்தரப் பணியிடங்கள் ஒழிந்து, வெளி முகமை மூலம் ஆள் எடுப்பதே நடைமுறையாக வழி திறந்தது.

ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தவர்கள் கையில் ஒரு வாக்குறுதி எண்ணும் இருந்தது: 285. 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. தந்த அறிக்கையில் தூய்மைப் பணியாளர்களைப் பணி நிரந்தரம் செய்வது பற்றிய வாக்குறுதி அது. அந்த எண்ணை அவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். நிரந்தரம் கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு 4 ஆண்டு கழித்துக் கிடைத்தது ஒரு தனியார் நிறுவனத்தின் சேர்க்கைப் படிவம். அவர்களுடைய கோபத்தை இதிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது.

போராட்டத்தை நடத்தியது உழைப்போர் உரிமை இயக்கம். அமைச்சர்கள் கே.என். நேருவும் சேகர்பாபுவும், மேயர் பிரியாவும் பேச்சு நடத்தினார்கள். ஒருமுறை இல்லை, பலமுறை. ஒவ்வொரு சுற்றும் ஒரே இடத்தில் முட்டி நின்றது. வேலைக்கு உத்தரவாதம் தருகிறோம், நிறுவனத்தில் சேருங்கள் என்றது அரசுத் தரப்பு. எங்களை மாநகராட்சியிலேயே பழையபடி விடுங்கள் என்றார்கள் தொழிலாளர்கள். மேயர் பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயர், வடசென்னையிலிருந்து வந்தவர். வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் தலித் பெண்கள், அவர்களும் வடசென்னைக்காரர்கள். இதில் தனிமனிதரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவும் இல்லை.

ஆகஸ்ட் 13 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அமர்வு, அனுமதியின்றி நடைபாதையில் போராடுகிறவர்களை அப்புறப்படுத்த உத்தரவிட்டது. அன்று இரவே அது நடந்தது. நள்ளிரவை ஒட்டிப் போலீஸ் வந்து, பெண்களைக் கையைப் பிடித்தும் காலைப் பிடித்தும் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றியது. நகரின் பல மூலைகளில் இருந்த மண்டபங்களில் கொண்டுபோய் வைத்தது. கூட நின்ற வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பிடிக்கப்பட்டார்கள். தங்களைத் தாக்கினார்கள் என்று புகார் சொன்னார்கள். அவர்களை விடுவிக்க உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு உத்தரவிட வேண்டி வந்தது. மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் சுதந்திர தினம்.

ஆகஸ்ட் 14 அன்று அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்களை அறிவித்தது. தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், சுயதொழில் கடனுக்கு மானியம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, 3 ஆண்டுகளில் 30,000 வீடுகள், வேலைக்கு வரும்போது இலவசக் காலை உணவு. இவற்றில் எதையும் நான் சின்னதாகச் சொல்ல மாட்டேன். விடியும் முன் வெறும் வயிற்றோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களுக்குச் சூடான சாப்பாடு நல்லதுதான். ஆனால் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் அதில் அவர்கள் கேட்ட இரண்டு மட்டும் இல்லை: யார் முதலாளி, எவ்வளவு சம்பளம்.

இனி சட்டத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் உண்மையான சண்டை இங்கேதான் நடக்கிறது.

1970இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டத்தின் பெயரிலேயே ‘ஒழிப்பு’ இருக்கிறது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலையில், ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையில் ஒப்பந்தமுறையைத் தடை செய்ய அதன் 10ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒரு நகரத்தில் குப்பை விழாத நாள் உண்டா? தெரு கூட்டுவதை விட நிரந்தரமான வேலையை எனக்குக் காட்டுங்கள். அந்தத் தடையை விதிக்கும் பேனா இருந்தது அரசின் கையில். ஒப்பந்தம் போடுவதும் அதே அரசின் கீழுள்ள அமைப்பு.

தடை விதித்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாவாரா? 1996இல் ஏர் இந்தியா வழக்கில் ஆவார் என்றது உச்ச நீதிமன்றம். 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தானாக ஆக முடியாது என்றது. ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது: ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையில் வேலை வாங்குவது பிரதான முதலாளிதான் (ஒப்பந்தக்காரருக்கு வேலையைக் கொடுத்தவர்) என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால், அந்தத் தொழிலாளிகள் அவருடைய ஆட்களே. யார் ஆள் எடுத்தது, யார் சம்பளம் கொடுத்தது, யார் மேற்பார்வை பார்த்தது, யார் வேலையை விட்டு நிறுத்த முடியும் என்பவைதான் அங்கே கேட்கும் கேள்விகள். இதற்கும் முன்பு, 1978இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதையே இன்னும் தெளிவாகச் சொல்லியிருந்தார். தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி. நடுவில் எத்தனை ஒப்பந்தக்காரர் நின்றாலும் திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

சென்னைத் தொழிலாளர்கள் அந்தக் கதவைத்தான் தட்டியிருந்தார்கள். நிரந்தரம் கோரும் தொழில் தகராறு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கும்போது வேலை நிலைமைகளை மாற்றக் கூடாது, தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிற சட்டம் அது. 480 நாளை இவர்கள் எத்தனையோ முறை தாண்டிவிட்டார்கள். ஆனால் அதைக் கேட்கும்போதும் பழைய கேள்விதான் திரும்பி வருகிறது: நீங்கள் யாருடைய ஆள்?

ஆகஸ்ட் 20 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி கே. சுரேந்தர், மாநகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தார். ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றார். பாதித் தோல்வி என்று இதைச் சொல்லலாம். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். 13 நாள் நடைபாதையில் உட்காராமல் இருந்திருந்தால், சம்பளக் குறைப்பு என்ற பேச்சே நீதிமன்ற வாசலை எட்டியிருக்காது.

சம ஊதியம் பற்றி ஒரு வார்த்தை. அரசியல் சாசனத்தின் 39(ஈ) சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது, ஆணும் பெண்ணும் என்ற பொருளில். 2016இல் பஞ்சாப் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தற்காலிக ஊழியர்களுக்கும் நீட்டியது. ஒரே வேலைக்கு ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பது அடிமைப்படுத்துவதற்குச் சமம் என்று கடுமையாகவே சொன்னது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதி 25ம், பிரதான முதலாளியின் ஆட்கள் செய்யும் அதே வேலையை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் செய்தால் அதே கூலி என்றுதான் சொன்னது. சென்னைத் தெருக்களில் மூன்று விதமான பெண்கள் ஒரே வேலை செய்வதைப் பார்க்கலாம். ஒருவர் காலமுறை ஊதியமும் அகவிலைப்படியும் வாங்கும் பர்மனென்ட். ஒருவர் தினக்கூலிக் கணக்கில் என்.யு.எல்.எம். ஒருவர் கம்பெனி ஆள். கூட்டிய தெருவைப் பார்த்து மூவரில் யார் கூட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் ஒரு நிறுவனம் வந்து உட்கார்ந்துவிட்டால் சம ஊதியக் கோரிக்கை வழக்கில் பலம் இழக்கிறது. ஒப்பிட வேண்டியவர் வேறு முதலாளியின் ஆள் ஆகிவிடுகிறார் அல்லவா?

இது எங்கும் ஜெயிக்காத சண்டை என்று நினைக்க வேண்டாம். மும்பையில் குப்பை அள்ளும் தொழிலாளர்களின் கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங்கம் 1990களின் கடைசியிலிருந்து இதையே நடத்தியது. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பொருந்தும் என்பதால், ஒவ்வொரு ஒப்பந்தக்காரரிடமும் 20க்குக் குறைவான ஆட்கள் மட்டும் காட்டப்பட்டார்கள். சிலரைத் ‘தன்னார்வலர்கள்’ என்றார்கள். சுய உதவிக் குழுவும் தன்னார்வலரும் ஒரே தறியில் நெய்த போர்வைதான். 2014இல் தொழில் தீர்ப்பாயம் 2,700 பேரை நிரந்தரமாக்கச் சொன்னது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெங்களூரில் பௌரகார்மிகர்கள் எனப்படும் தூய்மைப் பணியாளர்கள் 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மே 1 அன்று 12,692 பேருக்குப் பணி நியமன ஆணை கிடைத்தது. சென்னைப் பெண்கள் நடைபாதைக்கு வருவதற்கு மூன்றே மாதம் முன்பு, ஓர் இரவு ரயில் தூரத்தில் நடந்தது அது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சியின் தோட்டத் தொழிலாளர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கமே நின்றது.

எதிர்த் தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் மதித்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். இந்த வேலையையே நிரந்தரமாக்கக் கேட்பது, ஒரு சாதியை இந்தத் தொழிலிலேயே கட்டிப்போடுவது ஆகாதா? தொல். திருமாவளவன் போராட்டத்தை ஒட்டி இப்படிப் பேசினார். கவலை உண்மையானது. ஆனால் எனக்குத் தெரிந்த வரை இந்தத் தொழிலை விட்டு ஒரு குடும்பம் வெளியேறுவது அடுத்த தலைமுறையில்தான். மாதம் தவறாத சம்பளமும், பி.எஃப்.பும், ஓய்வூதியமும் உள்ள வீட்டுப் பிள்ளைதான் கல்லூரியை முடிக்கிறாள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத அம்மா, மகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அவளையும் ஒரு வேலைக்கு அனுப்புகிறாள். தனியார்மயம் யாரையும் துடைப்பத்திலிருந்து விடுவிக்கவில்லை. துடைப்பம் பிடிப்பவரின் சாதியும் மாறவில்லை. சம்பளம் மட்டும்தான் இறங்கியது.

2025 நவம்பரில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. 15ஆம் தேதி தூய்மைப் பணியாளர்களுக்கான காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 21ஆம் தேதி மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் போய், அதன் இடத்தில் வந்த தொகுப்பு ஒப்பந்தமுறைக்கான ஆள் வரம்பை 20இலிருந்து 50 ஆக்கியது. மையப் பணியில், அதாவது ஒரு நிறுவனம் எதற்காக அமைந்ததோ அந்த வேலையில், ஒப்பந்த ஆட்களை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, எவையெல்லாம் மையப் பணி ஆகாது என்று பட்டியலும் போட்டது. அந்தப் பட்டியலில் துப்புரவு வேலை இருக்கிறது. வேலை கொடுக்கும் நிறுவனமே துப்புரவு வேலைக்காக அமைந்தது என்றால் மட்டும் விலக்கு. குப்பை அள்ளுவதைச் சட்டப்படி கடமையாகக் கொண்ட ஒரு மாநகராட்சி அந்த விலக்கில் வருமா என்பதே இனித் தீர்ப்பாயங்களில் வாதமாகும்.

அதே நவம்பரில்தான், வெளியே போராட அனுமதி கிடைக்காமல், அம்பத்தூரில் சங்க அலுவலகத்துக்குள்ளேயே 4 பெண் தூய்மைப் பணியாளர்கள் காலவரையற்ற உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 1 அன்று ரிப்பன் மாளிகை வாசலில் கேட்டதையே கேட்டார்கள்: எங்களை மாநகராட்சி ஆட்களாகவே வேலையில் வையுங்கள்.